கண்ணாடியில் இல்லாத கீறல்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு நான் பக்கத்து வீட்டுத் தரையில் பாய் விரித்துக் கவிழ்ந்து படுப்பேன். உடுத்திய சுடிதாரோடுதான். துப்பட்டாவை மட்டும் கழற்றி ஆணியில் மாட்ட வேண்டும். ஸ்டெல்லா என் தலைமாட்டில் மண்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு கட்டை விரலையும் என் பிடரியில் வைப்பாள். தேய்க்க மாட்டாள். தட்ட மாட்டாள். எண்ணெய் கிடையாது. விரலை வைத்து, தன் உடம்புப் பாரத்தைப் பையப் பைய அதன் மேல் இறக்குவாள். கொஞ்ச நேரம் அப்படியே இருப்பாள். பிறகு எடுத்து அடுத்த இடத்தில் வைப்பாள். பார்க்கிறவர்களுக்கு, ஒருத்தி மேல் இன்னொருத்தி சாய்ந்து யோசனை செய்கிற மாதிரி இருக்கும். இதற்கு ஷியாட்சு என்று பெயர். ஜப்பான்காரர்கள் வைத்தியம். மெட்ராசுக்கு வெளியே மணிமங்கலத்தில், மாதா படம் மாட்டிய வீட்டில், விளாத்திகுளத்துப் பக்கத்துக்காரி ஒருத்திக்கு இது நடக்கிறது. ஊரில் சொன்னபோது, தலைவலி போனதா என்று யாரும் கேட்கவில்லை. எண்ணெய்கூட இல்லாமலா என்றுதான் கேட்டார்கள். ஊரில் இருப்பவர்களுக்கும், என்னைப் போல இங்கே வந்து அறை எடுத்துத் தங்கி, தலையைப் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எட்டாவது வரைதான் படித்தேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எனக்குத் தலைவலி வந்தது தீப்பெட்டி ஆபீசில். எங்கள் பக்கம் தீப்பெட்டி செய்யும் கொட்டகையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். பதினாலு வயதில் போனேன். மருந்து முக்கும் இடத்துக்குப் பக்கத்தில் குச்சி அடுக்குவது என் வேலை. அந்த வாடை மூக்கில் ஏறினால் இடது கண்ணுக்கு மேலே ஒரு ஆணி இறங்கும். பாதித் தலை மட்டும் வலிக்கும். மீதிப் பாதி யாருக்கோ வந்த வலியைப் பார்ப்பது போல சும்மா இருக்கும். வாந்தி வரும். வெளிச்சம் ஆகாது. ஊரில் இதற்கு ஒரே வழி. பழைய சேலையைக் கிழித்து, தலையைச் சுற்றி, கண் பிதுங்குகிற வரைக்கும் இறுக்கிக் கட்டுவது. என் அக்கா காளியம்மாள்தான் கட்டிவிடுவாள். அவளுக்கும் இதே வலி உண்டு. அவள் எனக்குக் கட்டுவாள், நான் அவளுக்குக் கட்டுவேன். கட்டிக்கொண்டு இரண்டு பேரும் குச்சி அடுக்கப் போவோம். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அங்கே பாதிப் பெண்கள் அப்படித்தான் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வலிக்கிறது என்று சொல்லும் வழக்கம் எங்களுக்கு இல்லை. சொன்னால் என்ன, குச்சி தானாக அடுக்கிக்கொள்ளுமா.

புருஷன் போன பிறகு, முப்பத்து மூன்று வயதில் இங்கே வந்தேன். தெரிந்த பெண் ஒருத்தி காண்ட்ராக்ட்காரரிடம் சொல்லிச் சேர்த்துவிட்டாள். ஒரகடத்தில் கம்பெனி. காரின் பக்கவாட்டில், பின்னால் வருவதைப் பார்க்க மாட்டும் கண்ணாடி செய்கிறார்கள். வாடை இல்லை. தரை, நாங்கள் சாப்பிடும் தட்டைவிடச் சுத்தம். முதல் வாரம் மூச்சு இழுத்து இழுத்துப் பார்த்தேன். ஒன்றுமே மணக்கவில்லை. அழுகை வந்தது. இனி அந்தக் கொட்டகைக்குத் திரும்பக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். இன்றைக்கும் எனக்கு இருக்கிற ஒரே ஆசை அதுதான்.

என்னை இன்ஸ்பெக்‌ஷனில் போட்டார்கள். வெள்ளைக் கோட்டு, தலைக்குத் தொப்பி, வாய்க்கு மாஸ்க், கைக்கு உறை. மேலே வரிசையாகப் பளீரென்று விளக்கு. கையில் கண்ணாடி வரும். கீறல், புள்ளி, நுரை மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் சிவப்புத் தட்டு. இல்லாவிட்டால் பச்சைத் தட்டு. சேர்ந்த அன்றைக்கே சூப்பர்வைசர் கோபி சொன்னது இது: "அக்கா, கண்ணாடில மூஞ்சியப் பாக்காத. கண்ணாடியப் பாரு." கேட்பதற்குச் சின்ன விஷயம். பழகுவதற்கு ஒரு மாதம் ஆனது. இப்போது நான் ஒரு நாளைக்கு எத்தனையோ நூறு தடவை என் முகத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தடவைகூடப் பார்ப்பதில்லை. கண்ணுக்குப் புள்ளி மட்டும்தான் தெரியும்.

வாடை இல்லாத இடத்திலும் தலைவலி விடவில்லை. விளக்கு இருந்தது. மாதத்துக்கு ஒன்று இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று என்று வந்தது. அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் அம்மா கண், கை, கால் எல்லாம் பார்த்துவிட்டு, ஒற்றைத் தலைவலிதான், பயப்படும்படி வேறு ஒன்றும் இல்லை என்றார். மாத்திரை கொடுத்தார். போட்டால் வலி குறைந்தது. ஆனால் தூக்கம் வந்தது. தூங்குகிற கண்ணால் புள்ளி தேட முடியாது. அதனால் வேலைக்குப் போகும் நாளில் மாத்திரையை விட்டுவிட்டேன். தொப்பிக்கு உள்ளே கைக்குட்டையை மடித்து இறுக்கிக் கட்டிக்கொண்டேன். தொப்பி மறைத்தது. ஊர் வழக்கம் ஒரகடம் வரைக்கும் வந்துவிட்டது, யாருக்கும் தெரியாமல்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எங்களுக்குப் பரீட்சை வைப்பார்கள். ஐம்பது கண்ணாடி. அதில் கெட்டது எத்தனை என்று நமக்குச் சொல்ல மாட்டார்கள். ஒரு மணி நேரத்தில் பிரித்து வைக்க வேண்டும். போன தடவை பரீட்சை அன்று எனக்கு நன்றாகத்தான் ஆரம்பித்தது. பாதியில் கீறலாக வரத் தொடங்கியது. ஒரு கண்ணாடியில் இடது ஓரமாகக் கீறல். ரம்பப் பல் போல, பளபளவென்று. சிவப்புத் தட்டில் வைத்தேன். அடுத்ததிலும் இருந்தது. அதற்கு அடுத்ததிலும். இன்றைக்கு வேண்டுமென்றே நிறையக் கெட்டது கலந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். முடித்து வெளியே வந்ததும் ஆணி இறங்கியது.

கோபி மறுநாள் கூப்பிட்டான். முன்னால் பதினோரு கண்ணாடி அடுக்கி வைத்திருந்தான்.

"இன்னாக்கா இது? பதினோரு நல்ல பீஸு. எல்லாத்தயும் தூக்கி செவப்புல போட்டுகீற. எங்க கீது கீறல்? காட்டு பாப்போம்."

எடுத்துப் பார்த்தேன். இல்லை. ஒன்றிலும் இல்லை. நேற்று இருந்தது என்று எப்படிச் சொல்வது. 

"கெட்டத வுட்டாகூட கண்ணு அசந்துச்சுன்னு சொல்லலாம். நல்லத கெட்டதுன்ற. எனக்கே புரியல." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினான். "தபாருக்கா. ஒரு மாசம் கழிச்சு இன்னொரு வாட்டி வெப்பாங்க. அதுலயும் போச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. பேக்கிங்ல ஆளு ஃபுல்லு. ஊருக்குத்தான் அனுப்புவாங்க."

"சரி" என்றேன். கோபி நல்ல பையன்தான். ஆனால் அவன் ஊர் என்று சொன்னதும் என் மூக்கில் மருந்து வாடை அடித்தது. இங்கே வந்து நான்கு வருஷத்துக்குப் பிறகு.

நான் இருப்பது ஒரே வரிசையில் ஐந்து கதவு உள்ள வீட்டில் நான்காவது கதவு. ஐந்தாவது கதவில் ஸ்டெல்லா, அவள் வீட்டுக்காரர், மாமியார், இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. இந்த ஊர்க்காரர்கள். நான்கு வருஷமாகப் பக்கத்து வீடு. பேசிய வார்த்தைகளை விரல் விட்டு எண்ணலாம். எனக்குப் பேச வராது. அவர்கள் பேச்சும் எனக்கு வேகம். என்னை அவர்கள் மதுர அக்கா என்பார்கள். மதுரையிலிருந்து எங்கள் ஊருக்கு மூன்று மணி நேரம் ஆகும். முதலில் திருத்திப் பார்த்தேன். இவர்களுக்குத் தெற்கே எல்லாமே மதுரைதான். விட்டுவிட்டேன்.

கோபி சொன்ன அந்த வாரம் ஒரு நாள், பகல் ஒரு மணிக்கு, லீவு போட்டுவிட்டு அறையில் கிடந்தேன். சன்னலில் போர்வை தொங்கவிட்டு, கதவிடுக்கில் துணி செருகி, ஒரு பொட்டு வெளிச்சம் வராமல் செய்துவிட்டுக் கிடப்பேன். அதுதான் பழக்கம். கதவு தட்டும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு தட்டும் மண்டைக்குள் விழுந்தது. எழுந்து திறந்தேன். ஸ்டெல்லா இடுப்பில் குழந்தையோடு நின்றாள்.

"மதுரக்கா, தொட்டில தண்ணி ரொம்பி வயியுது, ஒன் ரூம்ல கீற மோட்டார் சுவிட்ச நிறுத்துன்னு எத்தினி வாட்டி கூப்புடறேன். உள்ள இருந்துகினே பேசாம கீற. எங்க மேல இன்னா கோவம் ஒனக்கு?"

"கோவமில்ல" என்றேன்.

"பின்ன? பகல்ல கதவ சாத்திகினு இருட்டுல குந்திகினு கீற. எங்க மாமியாரு இன்னா சொல்லுது தெரியுமா? மதுர அக்காவுக்கு நம்ம மூஞ்சியப் பாக்கவே புடிக்கலன்னுது."

நான்கு வருஷமாக என் தலைவலியை அவர்கள் தலைக்கனம் என்று நினைத்திருக்கிறார்கள். விளக்கம் சொல்லத் தெம்பு இல்லை. வாசலிலேயே உட்கார்ந்து சாக்கடைப் பக்கம் வாந்தி எடுத்தேன். அவள் குழந்தையை இறக்கிவிட்டாள். என் தலைத் துணியைப் பார்த்தாள். பிறகு வேறு குரலில் பேசினாள்.

"எத்தினி நாளா இது?"

"இருபது வருசத்துக்கு மேல இருக்கும்."

"அடிப்பாவி" என்றாள்.

ஸ்டெல்லா ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் ஒரு ஹோட்டலில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள். ஜப்பான் இன்ஜினியர்கள் தங்கும் ஹோட்டல். அவர்களுக்கு உடம்பு பிடித்துவிட அங்கேயே ஒரு பகுதி உண்டு. அதற்கு ஜப்பானிலிருந்து ஒரு அம்மாளை வரவழைத்து இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஷி என்றால் விரல், ஆட்சு என்றால் அமுக்குவது என்று விளக்கினாள். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டிருக்கிறாள். "பாப்பா பள்ளிக்கூடம் போனதும் மறுபடி போவணும்க்கா. அதுக்குள்ள கை மறந்துடும். ஒன் தலைய எனக்குக் குடு. நான் கைய பயக்கிக்கறேன்." உதவி செய்கிறேன் என்று அவள் சொல்லவில்லை. அதனால் எனக்கு ஒத்துக்கொள்ள முடிந்தது. ஆனால் தொடுவதற்கு முன் நிறையக் கேட்டாள். டாக்டரிடம் காட்டினாயா, பிரஷர் இருக்கிறதா, வயிற்றில் குழந்தை உண்டா. கடைசிக் கேள்விக்கு நான் அவளை முறைத்தேன். "மொறைக்காத. கேக்கணும்னு சொல்லிகீறாங்க. கேட்டுட்டேன்" என்றாள்.

முதல் ஞாயிறு எனக்கு மறக்காது. பாயில் படுத்தேன். பிடரியில், மண்டையோடு முடிகிற இடத்தில், எலும்புக்குக் கீழே இரண்டு பக்கமும் இரண்டு பள்ளம் இருக்கிறது. அங்கே விரலை வைத்தாள்.

"நான் அயுத்துறப்போ மூச்ச வெளிய வுடு. இஸ்து புடிக்காத. வலிக்குதா?"

"இல்ல."

"இப்போ?"

"இல்ல."

"இங்க?"

"ஒண்ணுமில்ல."

விரலை எடுத்துவிட்டாள். "பொய்யி."

"இல்லத்தா, வலிக்கல."

"ஒன் கால் வெரலப் பாரு. பத்தும் மடங்கி பாயப் புடிச்சிகினு கீது. வாயி பொய் சொல்லுது, காலு சொல்ல மாட்டேங்குது." மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அந்த அம்மாளும் வந்து என் காலைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "தபாருக்கா, எங்க வலிக்குதுன்னு நீ சொன்னாத்தான் எங்க அயுத்தணும்னு எனக்குத் தெரியும். நான் இன்னா ஸ்கேன் மிஷினா? எவ்ளோ வலிக்குதோ அவ்ளோ சொல்லு. கொறச்சும் சொல்லாத, ஏத்தியும் சொல்லாத."

எனக்கு அது பெரிய வேலை. கண்ணாடியில் கடுகளவு புள்ளியைக் கண்டுபிடித்துச் சொல்லத் தெரியும். என் உடம்பில் எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. "அங்கன" என்றேன். "அங்கனன்னா எங்க?" என்றாள். "கொஞ்சம் மேல. இடப்பக்கம். ஆமா. அங்கனதான். வலிக்கி." வாயால் சொன்னேன். சொன்னதும் அவள் விரல் அங்கேயே நின்றது. அழுத்தம் ஏறியது. வலி முதலில் கூடியது. பிறகு உப்பு தண்ணீரில் கரைகிற மாதிரிக் கரைந்தது. கால் விரல் தானாக விரிந்தது. எழுந்தபோது தலை என் தலை மாதிரியே இல்லை. இரவல் வாங்கிய தலை மாதிரி லேசாக இருந்தது.

எழுந்ததும் இரண்டு டம்ளர் வெந்நீர் கொடுத்தாள். ஒரு டம்ளர் குடித்துவிட்டு வைத்தேன்.

"ரெண்டும் குடி. ஷிஃப்ட்டுல எத்தினி வாட்டி ஒண்ணுக்குப் போற?"

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. "ஒரு தடவ. சில நாள் இல்ல."

எங்கள் வேலையில் வெளியே போக வேண்டுமென்றால் கோட்டு, தொப்பி, உறை, செருப்பு எல்லாம் கழற்ற வேண்டும். திரும்பி வந்து எல்லாம் போட்டு, காற்று அடிக்கும் அறையில் நின்று, பிறகுதான் உள்ளே வரலாம். அதுவரைக்கும் நம் இடத்தில் உட்கார வேறு ஆள் வேண்டும். அதனால் எங்கள் லைனில் பெண்கள் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. குடிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நாங்களாகவே செய்துகொண்ட ஏற்பாடு. இதை ஸ்டெல்லாவிடம் சொன்னதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "எட்டு மணி நேரம் தண்ணி குடிக்காம வெளக்காண்ட குந்திகினு, தலைல துணியும் கட்டிகினு, தல வலிக்குது தல வலிக்குதுன்னா இன்னா அர்த்தம்? ஜப்பான்லேந்து ஆளு வந்து அயுத்தினாலும் நிக்காது." நான் தலைவலி என்று யாரிடமும் சொன்னதே இல்லை என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. இரண்டாவது டம்ளரையும் குடித்தேன். மறுநாளிலிருந்து துணி கட்டுவதை விட்டேன். தண்ணீர் குடித்தேன். இரண்டு தடவை வெளியே போனேன். பக்கத்தில் இருந்த பெண்கள் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மூன்றாவது ஞாயிறுதான் விஷயம் வெளியே வந்தது. அமுக்கிக்கொண்டே ஸ்டெல்லா கேட்டாள்.

"வலி வர்றதுக்கு முன்னால இன்னா ஆவும்?"

"ஒண்ணும் ஆகாது."

"யோசி. ஹோட்டலுக்கு ஒரு ஜப்பான்காரரு வருவாரு. அவருக்கும் இதே தலவலிதான். வர்றதுக்கு முன்னால கொட்டாவியா வுடுவாரு. ஒனக்கு?"

யோசித்தேன். "கண்ணாடில கீறல் வரும்."

"எந்தக் கண்ணாடில?"

"எல்லாத்துலயும்."

விரல் நின்றது. "எல்லா கண்ணாடிலயுமா? எந்த எடத்துல?"

"இடப்பக்கம். ஓரமா. ரம்பப் பல்லு கணக்கா."

"எல்லாத்துலயும் அதே எடத்துலயா?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஸ்டெல்லா என் தோளில் ஒரு அடி வைத்தாள். "அடியேய் மதுர! அது கண்ணாடில இல்ல. ஒன் கண்ணுல கீது!" விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். இங்கே வந்து நான் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். பதினோரு நல்ல கண்ணாடியை என் கண்ணில் இருந்த கீறலுக்காகக் கெட்டது என்று ஒதுக்கியிருக்கிறேன். தீப்பெட்டி ஆபீசில் குச்சியை விரலால் அடுக்கும்போது இது தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் தூக்கக் கலக்கம் என்று நினைத்திருப்பேன். கண்ணாடி பார்க்கிற வேலைக்கு வந்த பிறகுதான் இப்படி ஒரு தப்பு செய்ய வழி கிடைத்தது. மறு வாரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாவிடமும் சொன்னேன். சிலருக்கு வலிக்கு முன்னால் அப்படி வரும், முன்னமே சொல்லியிருக்கலாமே என்றார். தூக்கம் வராத வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்தார். நான் கேட்டிருந்தால் முதலிலேயே கொடுத்திருப்பார்.

அதன் பிறகு ஸ்டெல்லா எனக்கு நானே அமுக்கிக்கொள்ளக் காட்டிக் கொடுத்தாள். பிடரிப் பள்ளத்தில் இரண்டு கட்டை விரல். நெற்றிப் பொட்டில் நடு விரல். மூச்சு விடும்போது அழுத்தி, இழுக்கும்போது தளர்த்த வேண்டும். வலி வந்த பிறகு இல்லை. கீறல் தெரிந்த உடனே. அது கீறலா, கண்ணா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. அதை நானே கண்டுபிடித்தேன். தலையை மெல்ல ஆட்டினால், உண்மையான கீறல் கண்ணாடியோடு நிற்கும். என் கீறல் என்னோடு வரும்.

இரண்டாவது பரீட்சை ஒரு வியாழக்கிழமை காலை. கோபி கடிகாரத்தோடு எதிரே உட்கார்ந்தான். ஐம்பது கண்ணாடி. நல்லபடியாகத்தான் போனது. பதினேழாவதைத் தூக்கினேன். இடது ஓரத்தில் ரம்பப் பல்.  தலையை ஆட்டினேன். கூடவே வந்தது.

கண்ணாடியைக் கீழே வைத்தேன். உறையைக் கழற்றினேன். கண்ணை மூடி, விரலைப் பிடரியில் கொடுத்தேன்.

"அக்கா, இன்னா பண்ற? டைம் ஓடுது" என்றான் கோபி.

வழக்கமாக ஒன்றுமில்லை என்று சொல்லியிருப்பேன். "தலைவலி வருது. இப்பப் பார்த்தா தப்பாத் தெரியும். போனதும் பார்க்கேன். தண்ணி வேணும்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.  நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கொஞ்சம் கழித்து வெளியே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தான். மாத்திரையும் போட்டேன். திரும்பி வந்து மறுபடி கண்ணை மூடினேன். மூச்சு விட்டு அழுத்தினேன். இழுத்துத் தளர்த்தினேன். அழுத்தியதால் அந்த ரம்பப் பல் உடனே மறைந்தது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அது தன் நேரத்துக்குத்தான் போனது. ஆனால் பயம் போனது. பயம் போனதும் பிடரி இளகியது. எனக்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. பதினாறு போக முப்பத்து நான்கு மிச்சம். மருந்து வாடை. அக்கா. கொட்டகை. மூச்சை விடு. அழுத்து.

கண்ணைத் திறந்தபோது கண்ணாடி சுத்தமாக இருந்தது. தலையை ஆட்டிப் பார்த்தேன். ஒன்றும் கூட வரவில்லை. "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டேன். "இருவத்தி ரெண்டு நிமிசம்" என்றான். உறையைப் போட்டேன். அந்த இருபத்திரண்டு நிமிஷம் நான் பார்த்ததுபோல என் ஆயுளில் எதையும் பார்த்ததில்லை. கடைசிக் கண்ணாடியைப் பச்சைத் தட்டில் வைத்தபோது கோபி "ஸ்டாப்" என்றான். இடது கண்ணுக்கு மேலே வலி அப்போதுதான் வந்து எட்டிப் பார்த்தது. எப்போதும் வருவதில் கால்வாசிகூட இல்லை. வந்துவிட்டாயா, சரி, உட்கார் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் பஸ் ஏறும் இடத்தில் கோபி வந்தான். "கெட்டது எல்லாத்தயும் புட்ச்சிட்டக்கா. ஒண்ணு வுடல. நல்லதுல ஒண்ணே ஒண்ணு செவப்புல வெச்சிட்ட. ஒண்ணு பரவால்ல. பாஸு." நான் தலையாட்டினேன். அவன் போகவில்லை. "எங்க அம்மாவுக்கும் இந்த மாதிரி வரும். அந்த அயுத்துறது, எங்க அயுத்தணும்?" என்று கேட்டான். கம்பெனி பஸ் ஹாரன் அடிக்க அடிக்க, அவன் பிடரியில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினேன்.

வீட்டுக்கு வந்து ஸ்டெல்லா கதவைத் தட்டினேன். நானாகப் போய்த் தட்டியது அன்றைக்குத்தான். "பாஸ்" என்றேன். அவ்வளவுதான் வந்தது. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரிசை முழுக்கப் போய் எல்லா வீட்டிலும் சொல்லிவிட்டு வந்தாள்.

இப்போதும் தலைவலி வருகிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை இருக்கும். விரல் போக்கியதா, தண்ணீர் போக்கியதா, மாத்திரையா, துணியை அவிழ்த்ததா, எனக்குத் தெரியாது. ஸ்டெல்லா விரல்தான் என்கிறாள். டாக்டர் அம்மா மாத்திரையை விடாதே என்கிறார். நான் இரண்டு பேருக்கும் சரி சொல்லியிருக்கிறேன்.

எங்கள் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அக்கா தலையில் துணியோடுதான் எதிரே வந்தாள். படுக்கச் சொன்னேன்.

"எண்ணெ எங்கட்டி?"

"எண்ணெ வேண்டாம்."

"எண்ணெ இல்லாம என்ன வைத்தியம்? நல்லாருக்கு மெட்ராஸ்காரி வைத்தியம்."

எனக்கு அங்கே மெட்ராஸ்காரி என்று பெயர். நான் மெட்ராசைச் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. துணியை அவிழ்த்தேன். நெற்றியில் அது பதிந்த தடம் ஒரு விரல் அகலத்துக்கு இருந்தது. பிடரிப் பள்ளத்தில் கட்டை விரலை வைத்து என் பாரத்தை இறக்கினேன்.

"வலிக்குதாக்கா?"

"இல்ல."

"இப்போ?"

"ஒண்ணுமில்லட்டி."

திரும்பி அவள் காலைப் பார்த்தேன். பத்து விரலும் மடங்கிப் பாயைப் பிடித்துக்கொண்டிருந்தன. "பொய்யி" என்றேன். ஸ்டெல்லா சொல்கிற மாதிரியே வந்தது. "இன்னாக்கா, எங்க வலிக்குதுன்னு சொன்னாத்தான் தெரியும்." அக்கா படுத்தபடியே சிரித்தாள். "இன்னாவாம், இன்னா! பேச்சும் போச்சா?"  பிறகு மெல்ல, "கொஞ்சம் கீழ" என்றாள். "ஆமா. அங்கனதான்."

மூன்று நாளும் அமுக்கிவிட்டேன். இடத்தை அவள் விரலுக்கே காட்டிக் கொடுத்தேன். மருந்து வாடையை என்னால் போக்க முடியாது. டாக்டரிடம் போகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

நாலாம் நாள் விடியற்காலையில் பஸ் ஏறினேன். முன்னால், இடது பக்கம், ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அங்கே உட்கார்ந்தால் பஸ்ஸின் பக்கக் கண்ணாடி நேராகத் தெரியும். முன்னால் வடக்கே ரோடு போய்க்கொண்டிருந்தது. கண்ணாடிக்குள் ஊர் பின்னால் போய்க்கொண்டிருந்தது. கரிசல் காடு, ஆபீசின் தகரக் கூரை, வழியனுப்ப வந்து இன்னும் நின்றுகொண்டிருந்த அக்கா. ஓரத்தில் என் முகமும் கொஞ்சம் விழுந்தது. நான் முகத்தைப் பார்க்கவில்லை. பழக்கம். கண்ணாடியைத்தான் பார்த்தேன். இடது ஓரத்தில் ஒரு கீறல் இருந்தது.

தலையை மெல்ல ஆட்டினேன். கீறல் கண்ணாடியோடு நின்றது.